சிந்தாத மணல்

லாரித் தொட்டியில் மணல் அப்படியே இருந்தது.

பின் சக்கரத்தின் மேல் கால்வைத்து ஏறி, போலீஸ்காரர்கள் கட்டிவிட்டுப் போயிருந்த தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். விளிம்புவரை நிரப்பி, பலகையால் நிரவிவிட்ட மணல், ஈரம் ஏறிக் கறுத்து, யாரும் கலைக்காத படுக்கை போலக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிற ஒரு பெண்ணின் அளவுக்கு. பிணத்தைத் தூக்கியவர்கள் ஓரத்தில் நின்று கைநீட்டியே தூக்கியிருக்க வேண்டும். விளிம்பில் சில கைத்தடங்கள் தவிர மணலில் வேறு கலைசல் இல்லை. விழுந்த உடம்பு மணலைச் சிதறடிக்கும். இது விழுந்தது போல இல்லை. கிடத்தியது போல இருந்தது.

அது டிப்பர் லாரி. ஓட்டுநர் குடித்துவிட்டு, தொட்டியைத் தூக்கினபடியே சந்துக்குள் ஓட்டி, முதல் மாடிச் சுவரை இடித்துவிட்டான். அங்கே தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் விழுந்து செத்துப்போனாள். தெருவே இப்படித்தான் பேசியது. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டதும் இதுதான். ஆனால் தொட்டியைத் தூக்கியிருந்தால் மணல் முழுக்கச் சந்தில் சரிந்திருக்கும். சந்தில் செங்கல் கிடந்தது, காரை கிடந்தது, ஒரு தலையணை நனைந்து ஊறிக் கிடந்தது. மணல் ஒரு கைப்பிடிகூட இல்லை.

அவள் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, லாரியைச் சுற்றி வந்தாள். முன் பம்பரில் ஒரு கீறல் இல்லை. விளக்குக் கண்ணாடி முழுசாக இருந்தது. அடிபட்டிருந்தது ஓட்டுநர் அறையின் கூரை மட்டும்தான். மேலேயிருந்து கல் விழுந்து நசுங்கிய கூரை. லாரி சுவரை இடிக்கவில்லை. சுவர்தான் லாரியின் மேல் விழுந்திருந்தது.

நகரத்தில் எங்கே சுவர் விரிந்தாலும் கூரை இறங்கினாலும் மாநகராட்சிக் கட்டடப் பிரிவிலிருந்து அவளைத்தான் அனுப்புவார்கள். எது இடித்தது, எந்தப் பக்கமிருந்து, மிச்சமிருக்கிற சுவரை நம்பி ஆட்கள் குடியிருக்கலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் சுத்தியலம்மா என்று பெயர். இந்த வேலை வேண்டாம் என்று காலையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். லாரியை ஓட்டியவன் என் கூடப்பிறந்த தம்பி என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

"மேடம், அந்த வண்டியத் தொடாதீங்க. தொட்டாலே பாவம்."

கீழ்வீட்டம்மா குடையோடு வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது.

"குடிகாரப் பய. ஒரு உசுரைக் கொன்னுட்டு ஜாமீன்ல போய் எங்கயோ சொகமா உக்காந்திருப்பான். அவனுக்கும் அக்கா தங்கச்சின்னு யாராச்சும் இருப்பாங்கல்ல? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேடம் சோறு திங்கறாங்க?"

"ஆமாங்க," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. கன்னம் சுட்டது. காவல் நிலையத்தில் அன்றைக்கும் இப்படித்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நான் இடிக்கலக்கா, வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சு," என்றான். இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "குடிச்சா என்ன செய்யறோம்னு இவனுக்கே தெரியாது சார்," என்றாள் அவள், தம்பியின் எதிரிலேயே. நான் படித்தவள், நான் இவனைப் போல் இல்லை என்று அவருக்குக் காட்டிக்கொள்வதற்காக. தம்பி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

"நர்ஸம்மா மாதிரி வராதுங்க," கீழ்வீட்டம்மா பேசிக்கொண்டே படிவரை வந்தாள். "ஊசி போடணும், கட்டு மாத்தணும்னு எந்நேரமும் யாராச்சும் வந்து கதவத் தட்டுவாங்க. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. அன்னிக்கும்கூட..."

"அன்னிக்கு என்ன?"

கீழ்வீட்டம்மா குடையை மடக்கினாள். "யாரோ தட்டினாங்க மேடம். எங்க வீட்ல அலமாரிப் பாத்திரமெல்லாம் குலுங்கிச்சு. இந்த நேரத்துக்கு இவ்ளோ பலமா யாருடான்னு நெனச்சேன். தட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. நர்ஸம்மா மேல இருந்து 'யாரு? இதோ வரேன்'னு குரல் குடுத்தாங்க. அப்புறம்தான் அந்தச் சத்தம்."

"முதல்ல தட்டின சத்தம். அப்புறம் அவங்க பதில். அதுக்கப்புறம் சுவர்?"

"போலீஸ்லயும் சொன்னேன். லாரி இஞ்சின் ஒதறியிருக்கும்னாங்க." அவள் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருக்கும். எனக்கென்ன தெரியும்."

மேலே வரமாட்டேன் என்று சாவியை மட்டும் கொடுத்தாள்.

படியேறும்போதே டெட்டாலும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. சின்ன அறை, கட்டில், கொசுவலை, கொடியில் காயப்போட்ட வெள்ளை உடுப்பு, மேசைமேல் மூடிவைத்த டம்ளர். சுவர் இருந்த இடத்தில் கட்டில் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே சாம்பல் நிற வானமும் எதிர்க் கட்டடத்தின் சன்னலில்லாத முதுகும் தெரிந்தன. மழைத் தூறல் உள்ளே வந்து தரையை நனைத்துக்கொண்டிருந்தது.

தரையில் ஒரு செங்கல்கூட இல்லை.

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். வெளியிலிருந்து ஒன்று வந்து இடித்தால் கல் உள்ளே விழும். கட்டிலை நொறுக்கும். இங்கே கொசுவலையின் ஒரு பக்கம் மட்டும் கிழிந்து, நூல்கள் ஓட்டையைப் பார்த்து நீண்டிருந்தன. கட்டில் ஓட்டையை நோக்கிக் கோணலாக நகர்ந்திருந்தது. அதன் கால்கள் தரையில் இழுபட்ட கோடு தெரிந்தது. சன்னல் கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. இடித்துத் தள்ளிய சுவர் இல்லை இது. பிடித்துப் பிடுங்கிய சுவர்.

கைபேசி அலறியதில் தூக்கிவாரிப்போட்டது. மேலதிகாரி.

"என்ன சுத்தியலம்மா, இடிஞ்ச வீட்லயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?"

"சார், கல்லு பூரா வெளிய விழுந்திருக்கு. வண்டியில மணல் சிந்தவே இல்ல. லாரி இடிச்ச மாதிரி..."

"வேற எது இடிச்சுது, யானையா?" அவர் சிரித்தார். பின்னால் இன்னும் யாரோ சிரித்தார்கள். "குடிச்சிருந்தான். வண்டி அங்கயேதான் நிக்குது. அந்தம்மா அதுலயேதான் கெடந்திருக்கு. இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? டிப்பர்னு ஒரு வரி எழுதிட்டு, இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

இடித்தது டிப்பர் இல்லை, அவன் என் தம்பி, அவன் சொன்னது நிஜம். இத்தனையும் தொண்டைவரை வந்தது.

"சரி சார்," என்றாள்.

மிச்சச் சுவர் நிற்குமா என்பதையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். ஓட்டையின் ஓரத்திலிருந்து தொடங்கித் தட்டிக்கொண்டே வந்தாள். டக், டக், டக். கெட்டியான சத்தம். ஒரு முழம் தள்ளி மறுபடியும். டக், டக், டக். இங்கே கொஞ்சம் பொள்ளல். மழையின் ஒரே சீரான இரைச்சலில், கீழே குழாயடியில் வாளி நிரம்பும் சத்தத்தில், தன் சுத்தியலின் ஒலி மட்டும் பழக்கமான துணை போல இருந்தது. இன்னும் ஒரு முழம். டக், டக், டக்.

தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள்.

டக். டக். டக்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து.

மெதுவாக. அவள் விட்ட அதே இடைவெளி விட்டு. சுத்தியலின் ஒலி இல்லை அது. கனமாக, மழுங்கலாக, பூச்சுக்குள்ளே இறங்கி அவள் கன்னத்து எலும்பில் வந்து முட்டிய ஒலி. மேசைமேல் டம்ளரின் மூடி கிணுகிணுத்து அடங்கியது.

அந்தப் பக்கம் சாரம் இல்லை. ஏணி இல்லை. வெறும் சந்து.

'யாரு?' என்று கேட்க வாய் திறந்துவிட்டது. நெஞ்சில் காற்றும் நிரம்பிவிட்டது. அந்தக் கணத்தில் அவளைத் தடுத்தது புத்தி இல்லை, வெட்கம். கீழ்வீட்டம்மாவுக்குக் கேட்கும்; ஆபீசர் மேடம் காலி அறையில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்து யாரு என்று கத்தினாள் என்று நாளைக்குத் தெருவெல்லாம் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே எதுவோ பொறுமையாகக் காத்திருப்பது போல இருந்தது. மழைச் சத்தத்தில் ஓரிடம் மட்டும் குறைந்திருந்தது, அங்கே ஒன்று குறுக்கே நின்று மழையை வாங்கிக்கொள்வது போல. பிறகு அந்த இடமும் நிரம்பியது. மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பெய்தது.

யாராவது விளையாடுகிறார்களா? அவள் ஓட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். கீழே லாரி. செங்கல் குவியல். ஆள் இல்லை. கழுத்தைத் திருப்பி வெளிச்சுவரைப் பார்த்தாள்.

பூச்சு நசுங்கிக் குழிந்திருந்தது. நான்கு குழிகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் ஒரு சட்டி அளவுக்கு உருண்டை. நடுவில் இருந்த இரண்டும் கொஞ்சம் ஆழம். இரும்பு பட்டிருந்தால் கீறியிருக்கும், பெயின்ட் ஒட்டியிருக்கும், நேர்க்கோடாக வெட்டியிருக்கும். இவை மழமழவென்று இருந்தன. அதே வரிசை சற்றுத் தள்ளி இன்னொரு முறை, அதன்மேல் பாதி ஏறினாற்போல மூன்றாவது முறை. எல்லாம் மழையில் ஊறிப் பாசி நிறத்தில் இருந்தன.

அவள் கடைசியாகத் தட்டிய இடத்துக்கு நேர் எதிரே மட்டும் ஒரு வரிசை வெள்ளையாக இருந்தது. காய்ந்த வெள்ளை. அதிலிருந்து சுண்ணாம்புத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

தன்னையறியாமல் அவள் தன் கையை மூடி, வரிசைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சின்னச் சின்ன நான்கு விரல் முட்டிகள். நடுவிரண்டும் கொஞ்சம் தூக்கல்.

சுத்தியல் எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஆனால் படிகளில் ஓடவும் இல்லை. கீழ்வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியாக இறங்கி, சாவியைக் கொடுத்து, "மேல யாரும் போகாதீங்க. யார் தட்டினாலும்..." என்று தொடங்கி, அந்தம்மாவின் பார்வையைக் கண்டு, "சுவர் பலமில்ல," என்று முடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மூன்றாவது மாடி நடையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்துவைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போனபிறகு தனிக்கட்டை. யார் படியேறினாலும் அவருக்குத் திருவிழாதான்.

"மழையில நனைஞ்சுட்டியே பாப்பா. உன் தம்பி வந்திருக்கான் போல? இருமல் சத்தம் கேட்டுச்சே. ஒரு வாய் காப்பி குடிக்க வரச்சொல்லேன், பேசிட்டிருக்கலாம்."

"யாரும் வரலீங்க. டிவி சத்தமா இருக்கும்."

ஒரே நாளில் எத்தனை முறை அவனை இல்லை என்று சொல்லிவிட்டாள்! பெரியவர் தலையாட்டிவிட்டு, இன்னும் ஏதாவது பேசுவாளா என்று முகத்தைப் பார்த்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே விளக்கு இல்லை. மின்விசிறி ஓடவில்லை. தம்பி ஜாமீனில் வந்ததிலிருந்து இப்படித்தான். அழைப்பு மணியின் கம்பியைக்கூடப் பிடுங்கிவிட்டிருந்தான். குடி இறங்காத பயம் என்று நினைத்து அவள் திட்டியிருந்தாள். இப்போது படுக்கையறை மூலையில், சன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நனைந்த புடவையோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மணல் சிந்தலடா," என்றாள்.

அவன் முகம் கோணியது. சத்தம் வராமல் அழுதான்.

"நான் அப்பவே நம்பியிருக்கணும். என்னை மன்னிச்சுடுடா."

"மெதுவாக்கா. மெதுவாப் பேசு." அவன் மூச்சுக் காற்றில் பேசினான். "குடிச்சிருந்தேன். அது நெஜம். வண்டிய ஓரங்கட்டிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். சுவத்தத் தட்டிச்சு. மனுஷங்க கதவத் தட்டுவாங்கல்ல, அப்படி. தட்டிட்டு நின்னுச்சு. யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கற மாதிரி. அப்பதான் அந்தம்மா குரல் குடுத்தாங்க."

"நீ என்ன பண்ணே?"

"ஹாரன் மேல கை இருந்துச்சுக்கா." அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "அடிச்சிருந்தா அந்தம்மா பேச்சை நிறுத்தியிருப்பாங்க. அடிக்கல. அடிச்சா அது என் பக்கம் திரும்பிடும்னு அடிக்கல. கண்ண மூடிக்கிட்டேன். கூரை மேல கல்லு விழுந்ததும் தொறந்துட்டேன். அவங்களத் தூக்கிப் பாத்துட்டு, வேணாம்னு பதனமா வெச்சுட்டுப் போச்சு, என் வண்டியிலயே. குடிகாரன், கொலகாரன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? எனக்கு அது போதாதுக்கா."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று நானும் தட்டினேன், அதுவும் பதிலுக்குத் தட்டியது என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். அவன் எத்தனை நாளாக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறான்! வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

கட்டில் நடுங்கியது. மேலேயிருந்து காரை உதிர்ந்து அவள் வகிட்டில் விழுந்தது. வெளியே விளக்கும் போனது. தெரு முழுக்க, பேட்டரியில் எரியும் ஒரு கடை விளக்கு தவிர.

தம்பியின் நகங்கள் அவள் மணிக்கட்டில் இறங்கின.

இடைவெளி.

மழையில் ஓரிடம் குறைந்தது. அந்த இடம் நகர்ந்தது. சன்னலுக்கு வந்தது.

கடை விளக்கின் மங்கலான வெளிச்சம் கண்ணாடியில் ஒரு பக்கமிருந்து அணைந்துகொண்டே வந்தது. ஏதோ ஒன்று மெல்ல வந்து அதன்மேல் ஒட்டியது. ஈரத் தோல். மடிப்பு. மடிப்புக்குள் மடிப்பு, சுழித்து, சன்னல் அளவுக்கு. நடுவில் ஒரு கருப்புக் குழி. கண்ணாடி நெரிந்து முனகியது.

காது.

கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் மூச்சை விடவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டுவிடுமோ? புடவையிலிருந்து ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. கருப்புக் குழி சற்றே அவள் பக்கம் திரும்பியது.

பக்கத்து வீட்டில் நாற்காலி இழுபட்டது.

"யாரு?" என்றார் பெரியவர். குரலில் அப்படி ஒரு மலர்ச்சி. "யாருப்பா அது இருட்டுல? இருங்க, இருங்க. இதோ வரேன்."

கத்த வேண்டும். வேண்டாம், பேசாதீங்க என்று ஒரே ஒரு கத்தல். நடுவில் ஒரு சுவர்தான். அவருக்குக் கேட்கும்.

அவள் வாயை ஒரு கை பொத்திக்கொண்டிருந்தது. தம்பியின் கைகள் இரண்டும் அவள் மணிக்கட்டில் இருந்தன.

அவளுடைய கைதான்.

கண்ணாடியிலிருந்து காது மெதுவாகப் பிரிந்தது, ஈரமான ஒட்டு விடும் சத்தத்தோடு. அது விலகியதும் அவள் உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி பரவியது. வெந்நீர் போல, இதமாக. தம்பி இருட்டில் அவள் முகத்தைப் பார்த்தான். அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார் பெரியவர்.

கடை வெளிச்சம் மறுபடி சன்னலில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைக் கடந்து, பெரியவரின் சுவரை நோக்கி, மழை வழியும் நான்கு முட்டிகள் போயின. போகும்போதே அவை நிதானமாக, ஒவ்வொன்றாக, விரல்களாக விரிந்துகொண்டிருந்தன.